ஓடு பிரித்த வாரம்

செப்டம்பர் 2, செவ்வாய்

வேலையிலிருந்து வந்ததும் முதலில் தட்டைப் பார்த்தேன். காலி. கழுவியும் வைத்திருந்தான். குளியலறைத் தரை ஈரமாக இருந்தது. ஆக, இன்று எழுந்திருக்கிறான், சாப்பிட்டிருக்கிறான், குளித்திருக்கிறான். ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற மகன் எப்படி இருக்கிறான் என்பதை நான் இப்படித்தான் தெரிந்துகொள்கிறேன். லாண்டரியில் ஓட்டல் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவதற்குப் பதில் துப்பறியும் வேலைக்குப் போயிருந்தால் பேராவது கிடைத்திருக்கும்.

இன்று புதிதாக ஒன்று. அவன் அறைக் கதவுக்கு அடியில் மாவு மாதிரித் தூள். விரலால் தொட்டு முகர்ந்தேன். மரம். வெளியே போய்ப் பின்சந்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன். அவன் அறைக்கு மேலே ஓடுகள் நடுவில் குழிந்து கிடக்கின்றன. உத்திரத்தைக் கரையான் தின்றிருக்கிறது, வேறென்ன. மழைக்காலம் அடுத்த மாதம்.

"தம்பி, மேல பார்த்தியா? தூள் கொட்டுது பாரு. முன்னறையில வந்து படுத்துக்கோ. நான் சமையல்கட்டுல படுத்துக்குறேன். உன்னைத் திரும்பிக்கூட பார்க்க மாட்டேன்."

உள்ளே கட்டில் ஒரு தரம் கிறீச்சிட்டது. புரண்டு படுத்திருக்கிறான். அதுதான் பதில்.

கடவுளே, உனக்குக் கண் இருக்கிறதா, இல்லை அதையும் கரையான் அரித்துவிட்டதா?

செப்டம்பர் 4, வியாழன்

பெரியவள் போன் பண்ணினாள். "நீ அங்க கிடந்து சாகாதம்மா. எங்ககூட வந்துடு. சோறு வைக்க ஆள் இல்லைன்னா அவனே வெளிய வருவான்." கூடப் பிறந்த தம்பியைப் பற்றி இப்படிப் பேசுகிறாள். திட்டலாம் என்றால் அவளும் பாவம். அவள் போய்ப் பார்க்காத டாக்டர் இல்லை. டாக்டர்கள் எல்லாரும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள், "கூட்டிக்கிட்டு வாங்க." கூட்டிக்கொண்டு வர முடிந்தால் உங்களிடம் நாங்கள் ஏன் வருகிறோம்?

இரண்டு வருஷம். அன்று வேலைவிட்டு வந்தவன் "தலை வலிக்குதும்மா" என்று படுத்தான். அவ்வளவுதான் நடந்தது. அடியா, சண்டையா, பெண் விவகாரமா என்று ஆளாளுக்கு ஒன்றைத் தேடினார்கள். நானும் தேடினேன். அவன் சட்டைப் பையை எல்லாம் துழாவினேன், வெட்கம்கெட்டு. ஒன்றுமில்லை.

முதல் வருஷம் மருமகன் வந்து கதவை உடைத்தார். அவரும் நல்லதுக்குத்தான் செய்தார். பிள்ளை நாள்கணக்காகக் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தான், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு. கடைசியில் நானே தச்சரைக் கூப்பிட்டுப் புதுத் தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தேன். உள்பக்கம். பெற்ற பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கித் தருவார்கள், கடிகாரம் வாங்கித் தருவார்கள். நான் தாழ்ப்பாள் வாங்கித் தந்தேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

வெட்கத்தை விட்டுப் பிரார்த்தனைக் கூடத்துக்குப் போனேன். போகாமல் எவ்வளவு நாளாயிற்று. போனால் "பையன் எப்படி இருக்கான்?" என்பார்கள். அதற்குப் பயந்துதான் நின்றுவிட்டேன். கடவுள் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை, அவரைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள்தான் கேட்கிறார்கள்.

ஆனால் இவர்கள் வருஷா வருஷம் மழைக்கு முன்னால் அக்கம்பக்கத்தில் ஒரு வீட்டை எடுத்துச் சுத்தம் பண்ணிப் பழுது பார்க்கிறார்கள். ஒரு வாரம், பத்து நாள் ஆளாளுக்கு லீவு போட்டுவிட்டு வருகிறார்கள். மரம், ஓடு எல்லாம் கூடத்துச் செலவு. எனக்கு வேறு வழி? தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன.

செயலாளரம்மாவிடம் போய் நின்றேன். என்னைவிடச் சின்னவர், குரல் மட்டும் பெரிது. மைக் இல்லாமலே மூன்று தெருவுக்குக் கேட்கும்.

"ஏன்க்கா இத்தனை நாள் சொல்லலை? இந்த வருஷம் உங்க வீடுதான், போங்க!"

அழுதுவிட்டேன். என் முதுகைத் தட்டிக்கொண்டே கூடத்து வழக்கத்தையும் சொன்னார். முதல் ஓட்டை வீட்டுக்காரர் கையால் இறக்க வேண்டும், கடைசி ஓட்டை வீட்டுக்காரர் கையால் ஏற்ற வேண்டும். நடுவில் வீட்டில் தெம்பு உள்ள எல்லாரும் கூட நின்று வேலை செய்ய வேண்டும். "தர்மம் வாங்கினோம்னு யாரும் தலை குனியக் கூடாது பாருங்க, அதுக்காகத்தான்."

"எல்லாரும்னா?"

"உங்க பையனும்தான்க்கா."

ஆக, விஷயம் தெரியும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். என்னத்தைப் பார்ப்பது?

செப்டம்பர் 9, செவ்வாய்

கூடத்திலிருந்து கூரை வேலை செய்கிறவர் வந்தார். கூரைக்காரர் என்றே எல்லாரும் கூப்பிடுகிறார்கள். ஒல்லி ஆள். ஏணி போட்டு ஏறி, அவன் அறைக்கு மேலே ஒரு ஓட்டை மட்டும் தூக்கி, உள்ளே கையை விட்டு உளியால் குத்திப் பார்த்தார். இறங்கி வந்து தண்ணீர் வாங்கிக் குடித்த பிறகுதான் பேசினார்.

"உளி போன வேகத்துல நானே பயந்துட்டேன்க்கா. அது மரமில்லை, ரொட்டி."

"எவ்வளவு நாள் தாங்கும்?"

"வெயில்ல நிக்கும். நல்ல மழை ஒண்ணு பிடிச்சா ஓடு தண்ணி குடிக்கும், கனம் ஏறும். அப்புறம் என்னால சொல்ல முடியாது. கீழ யாரு படுக்கிறது?"

சொன்னேன். அவர் கதவைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அதற்காகவே அவருக்கு இன்னொரு தம்ளர் தண்ணீர் கொடுத்தேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

நாளைக்கு ஆள்கள் வருவார்கள் என்று கதவிடம் சொல்லிவிட்டேன். கட்டில்கூடக் கிறீச்சிடவில்லை.

செப்டம்பர் 13, சனி

இருபது பேர் இருப்பார்கள். துடைப்பம், வாளி, மண்வெட்டி, ஏணி என்று விடிந்ததும் வந்து இறங்கினார்கள். முன்னறைச் சாமான்களைத் தூக்கித் தெருவில் வைத்தார்கள். என் குடித்தனம் மொத்தமும் தெருவில், காலுடைந்த நாற்காலியோடு. எதிர்வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். அரை மணியில் அவளும் ஒரு துடைப்பத்தோடு வந்து சேர்ந்தாள். அதையும் எழுதத்தான் வேண்டும்.

முதல் ஓட்டுக்கு நான் ஏணியில் ஏறினேன். நாலாவது படிக்கு மேல் ஏற முடியவில்லை. கூரைக்காரர் மேலிருந்து ஓட்டை நகர்த்திக் கொடுத்தார், நான் வாங்கிக் கீழே நீட்டினேன். கைதட்டினார்கள். உடனே பாட்டு. இவர்கள் பாடாமல் ஓர் ஆணிகூட அடிக்க மாட்டார்கள் போலிருக்கிறது. நல்ல பாட்டுத்தான். ஆனால் ஒவ்வொரு தடவை குரல் ஏறும்போதும் என் கண் அவன் அறைப் பக்கம் போனது. கதவுக்குப் பின்னால் ஒருவன் காதைப் பொத்திக்கொண்டு கிடக்கிறான்.

நான் வேலைக்குப் போயிருக்கும்போதுதான் அவன் குளியலறைக்குப் போவான், சாப்பிடுவான். இத்தனை பேர் நடமாடினால் எப்படி வெளியே வருவான்? மதியம் எல்லாரும் கூடத்துக்குச் சாப்பிடப் போனார்கள். அந்த ஒரு மணி நேரம் வீட்டைக் காலி பண்ணிக் கொடுத்துவிட்டுத் தெருமுனையில் போய் நின்றேன். திரும்பியபோது தரை ஈரம். நன்றி கடவுளே என்றேன். இதற்கெல்லாம் நன்றி சொல்கிற நிலைமைக்கு வந்தாயிற்று.

செப்டம்பர் 14, ஞாயிறு

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

முன்னறைக் கூரை நேற்றும் இன்றுமாக முடிந்துவிட்டது. அங்கே மரம் கெடவில்லை, ஓடு மட்டும்தான் மாற்றினார்கள். அடுத்து சமையல்கட்டுப் பக்கம் பிரித்தார்கள். சாயங்காலம் நான் பின்னால் வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். திடீரென்று சத்தம் நின்றது. சுத்தியல் இல்லை, பாட்டு இல்லை. அப்புறம் செயலாளரம்மாவின் குரல்.

உள்ளே ஓடினேன். அந்தச் சின்ன நடைவழியில் அத்தனை பேரும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவன் கதவுக்கு முன்னால். எல்லாரும் கண்ணை மூடியிருக்கிறார்கள். செயலாளரம்மா கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, மூன்று தெருவுக்குக் கேட்கிற குரலில், "இந்தப் பிள்ளையைக் கட்டியிருக்கிற கட்டை அவிழ்த்துவிடும்! இந்தக் கதவைத் திறந்துவிடும்!" என்கிறார். பின்னால் இருபது குரல், "திறந்துவிடும்!"

கெட்ட எண்ணமா? இல்லவே இல்லை. எண்ணம் கெட்டிருந்தால் அந்தக் கதவைக் கண்டுகொள்ளாமல் போயிருப்பார்கள்.

உள்ளே இரும்பு இழுபடுகிற சத்தம். அவனுடைய அலமாரி. தரையைக் கீறிக்கொண்டே வந்து கதவில் டமாரென்று மோதி நின்றது. செயலாளரம்மா மலர்ந்த முகத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீங்களாக்கா? அசைவு தெரியுது!"

என் வாயில் என்ன வந்ததோ வந்தது. "வெளிய போங்க! எல்லாரும் வெளிய போங்க! யாரு கேட்டா உங்களை? கூரையைத்தானே கேட்டேன்! பிள்ளையைக் கேட்டேனா?"

போய்விட்டார்கள். ஏணியைக்கூட எடுக்காமல். சமையல்கட்டுக்கு மேலே ஓடு இல்லை. அடுப்பை முன்னறைக்கு நகர்த்தினேன்.

செப்டம்பர் 15, திங்கள்

தட்டு வைத்தபடியே இருக்கிறது.

செப்டம்பர் 16, செவ்வாய்

இன்னைக்கும் தொடலை. காலையில வெச்சது அப்படியே காஞ்சு போய்க் கிடக்கு. குளியலறை காஞ்சு கிடக்கு. லாண்டரிக்குப் போகலை. போன் மேல போன் வருது, எடுக்கலை.

நான் என்ன பாவம் பண்ணினேன்? கூரை வேணும்னு கேட்டது பாவமா? கேட்காம இருந்தா உத்திரம் விழுந்து சாவான். கேட்டதால இப்ப பட்டினி கிடந்து சாகுறான். எந்தப் பக்கம் போனாலும் அடி.

நான் சொன்னதை எழுத வேண்டுமா? எழுதுகிறேன். கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு சொன்னேன். "நீ செத்துட்டாலாவது ஒரு தரம் அழுதுட்டு எந்திரிச்சுடுவேன்டா. இப்படி தினம் தினம் என்னால முடியலை." சொல்லி முடித்ததும் என் கையை நானே கடித்துக்கொண்டேன். சொன்னது சொன்னதுதான். கதவு மெல்லிசு, எல்லாம் கேட்கும்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரமோ. அப்புறம் உள்ளே பாட்டில் மூடி திருகுகிற சத்தம். மடக் மடக்கென்று தண்ணீர் குடிக்கிறான். அவன் கைக்குழந்தையாகப் பால் குடித்தபோதுகூட நான் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

பொழுது சாயும்போது செயலாளரம்மா வந்தார். வாசலுக்குள் கால் வைக்கவில்லை, தெருவிலேயே நின்றார். இவரிடம் இவ்வளவு சின்னக் குரல் இருந்ததா?

"தப்புப் பண்ணிட்டேன்க்கா. வீட்டைச் சரி பண்றது மாதிரி அந்தப் பிள்ளையையும் ஒரே நாள்ல சரி பண்ணிடலாம்னு நினைச்சுட்டேன். எனக்கு எப்பவும் அவசரம்."

நான் வாசலை விட்டுத் தெருவில் இறங்கினேன்.

"கூரையை இப்படி விட்டுட்டுப் போக முடியாது. நாளையிலேர்ந்து பாட்டு கிடையாது. பேச்சே கிடையாது. மதியம் நீங்க சொல்ற நேரத்துக்குத்தான் திரும்பி வருவோம்."

"உங்களால பேசாம இருக்க முடியுமா?"

"முடியாது. வாயில ஆணியை வெச்சுக்கிறேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவருக்கும்தான். தெருவில் இரண்டு பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றோம்.

செப்டம்பர் 17, புதன்

பாதி சாப்பிட்டிருக்கிறான்! பாதி! ராத்திரி அலமாரி நகர்கிற சத்தம் இரண்டு தரம் கேட்டது.

அவர்கள் வந்தார்கள், ஊமைகளாக. இருபது பேர் வாய் திறக்காமல் வேலை செய்வதைப் பார்த்துக் கடவுளுக்கே சந்தேகம் வந்திருக்கும். செயலாளரம்மா சொன்னபடியே உதட்டுக்கு நடுவில் ஆணிகள். சமையல்கட்டு முடிந்தது. கூரைக்காரர் அவன் அறைக்கு மேலே ஏறி ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். எடுத்துவிட்டு இறங்கி வந்தார்.

"தம்பி கட்டிலுக்கு அடியில இருக்காரு. நான் பார்க்கலைக்கா, கால் தெரிஞ்சது, அவ்வளவுதான்."

அதன் பிறகு சொன்னதுதான் இடி. "உத்திரத்தை அவுக்கிறப்ப எந்தப் பக்கம் சாயும்னு தெரியாது. உள்ள ஆள் இருந்தா நான் தொட மாட்டேன்."

"முட்டு குடுத்து எடுக்க முடியாதா?"

"முட்டு குடுக்க உள்ள இறங்கணும். இறங்கட்டுமா?"

இறங்கினால்? மறுபடி சுவர்ப்பக்கம் முகம். மறுபடி காய்ந்த தட்டு. வேண்டாம் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுத் தார்ப்பாயை இழுத்து மூடினார்.

"வானம் ஒரு வாரம் பொறுக்கும்னு தோணலைக்கா" என்றார்.

கதவிடம் போனேன். "தம்பி, நேத்து ஒரு வார்த்தை சொன்னேன். அது நான் இல்லை. பைத்தியம் பிடிச்சுப் பேசினேன். நீ வெளிய வர வேணாம். அந்த மரத்தை எடுக்கிற வரைக்கும் மட்டும் எங்கயாவது இருடா. எங்க வேணும்னாலும் இரு." எங்கே இருப்பான்? அவன் அறையை விட்டால் முன்னறை, சமையல்கட்டு, இரண்டிலும் நான்தான் இருக்கிறேன்.

செப்டம்பர் 18, வியாழன்

வரிசையாக எழுத வேண்டும்.

கூரைக்காரர் காலையில் தார்ப்பாயை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். அவன் வரவில்லை. மதியம் எல்லாரும் சாப்பிடப் போனார்கள். நான் வழக்கம்போலத் தெருமுனைக்குப் போனேன். சும்மா திரும்பிப் பார்த்தேன். வீட்டுக்கு மேலே யாரோ ஒருவன் உட்கார்ந்திருக்கிறான்.

திருடன் என்றுதான் நினைத்தேன். பட்டப்பகலில், ஓடு பிரித்த வீட்டில் திருட என்ன இருக்கிறது? முதுகு வரை முடி. தாடி. முன்னறைக் கூரையின் முகட்டில், புது ஓட்டின் மேல், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தான். அப்போதுதான் தெரிந்தது. பெற்றவளுக்கு அடையாளம் தெரிய அவ்வளவு நேரம் ஆனது. இதைவிட என்ன தண்டனை வேண்டும் எனக்கு?

கதவு வழியாக அல்ல. அந்த அலமாரி மேல் ஏறி, சுவரைப் பிடித்து, மேல் வழியாக வந்திருக்கிறான். எங்கே வேண்டுமானாலும் இரு என்றேன், இருந்துவிட்டான்.

கூப்பிடவில்லை. அதற்குள் ஆள்கள் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருகிறார்கள். நான் எதிரே ஓடிக் கூரைக்காரரின் சட்டையைப் பிடித்துவிட்டேன். "மேல... மேல..." என்றேன். அவர் ஒரு பார்வை பார்த்தார். மற்றவர்களிடம் திரும்பி மெதுவாகச் சொன்னார், "யாரும் மேல பார்க்காதீங்க. கீழ ஆள் இல்லை. இப்பவே உத்திரத்தை எடுத்துடலாம்."

காலடிச் சத்தம் கேட்டதும் அவன் விறைத்துப் போனான். முதுகைத் திருப்பிக்கொண்டான். ஆனால் இறங்கவில்லை.

கயிறு கட்டி இறக்கினார்கள். பழைய உத்திரம் பாதியில் முறிந்து உள்ளே விழுந்தது. நேராகக் கட்டில் மேல். என் காது அடைத்துவிட்டது. அந்தக் கட்டிலுக்கு அடியில்தானே நேற்று...

பொழுது சாய்வதற்குள் புது மரம் ஏறிவிட்டது. எல்லாம் மேல் வழியாகவே. உள்ளே இறங்கி ஒரு நொடியில் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டிருக்கலாம். ஒருவர்கூட அந்த அறைத் தரையில் கால் வைக்கவில்லை. முறிந்த துண்டுகளைக்கூடக் கொக்கி போட்டு மேலேதான் இழுத்தார்கள். செயலாளரம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாயில் ஆணியோடு, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். எல்லாரும் போன பிறகு அவன் இறங்கினான், வந்த வழியாகவே.

செப்டம்பர் 19, வெள்ளி

மதியம் மறுபடி ஏறினான். ஆள்கள் வந்த பிறகும் அங்கேயே இருந்தான். கூரைக்காரர் ஓர் அடுக்கு ஓடுகளை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, போய் மரச்சட்டம் அடித்தார். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பிப் பார்க்காமலே கையை மட்டும் பின்னால் நீட்டினார். நீட்டியபடியே வைத்திருந்தார். கை வலித்திருக்கும்.

அந்தக் கையில் ஓர் ஓடு வந்தது.

செப்டம்பர் 20, சனி

எனக்குப் பைத்தியம்தான் பிடித்திருக்கிறது. கூரை போடச் சொல்லி அழுதவள், இன்று கூரை போடாதீர்கள் என்று அழுதேன்.

நாளைக்கு மூடிவிடுவார்கள். மூடிவிட்டால் அவனுக்கு மேல் வழி கிடையாது. கதவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன், நடுவில் அலமாரி. பழையபடி ஈரத்தரை. வெயிலில் அவன் முகம் கறுத்திருக்கிறது. இன்று சந்தில் நின்ற பூனையைப் பார்த்துத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தான். அந்தச் சாய்ப்பை எல்லாம் மறந்தே போயிருந்தேன். இதையா மூடுவது?

"ஒரு ஆள் நுழையற அளவுக்காவது விட்டுடுங்க" என்றேன்.

செயலாளரம்மா வாயிலிருந்து ஆணிகளை எடுத்தார். "அக்கா, மழை வந்தா?"

"வரட்டும். வாளி வைக்கிறேன். இத்தனை வருஷம் வைக்கலையா?"

கூரைக்காரர்தான் சொன்னார். "தண்ணி இறங்கினா புது உத்திரமும் இதே கதிதான்க்கா. மழை நம்ம பேச்சைக் கேக்காது."

நியாயம்தான். நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? அவன் கேட்கட்டும் என்றே இதையெல்லாம் ஏணிக்குக் கீழே நின்று பேசினேன். மேலே ஓடு வைக்கிற சத்தம் ஒரு நிமிஷம் நின்றது, பிறகு தொடர்ந்தது. கேட்டானா, இல்லையா?

செப்டம்பர் 21, ஞாயிறு

மதியத்திலிருந்தே வானம் இருண்டுகொண்டு வந்தது. காற்று. ஓடுகள் ஓடி ஓடி ஏறின. கடைசியில் அவன் அறைக்கு மேலே ஒரு ஆள் நுழைகிற சந்துதான் பாக்கி. அதன் ஓரத்தில் அவன் உட்கார்ந்திருந்தான், காலை உள்ளே தொங்கப்போட்டுக்கொண்டு. கீழே அலமாரி. ஒரு குதி குதித்தால் உள்ளே.

தெருவில் எல்லாரும் மேலே பார்க்காத மாதிரி மேலே பார்த்துக்கொண்டு நின்றோம். முதல் துளிகள் விழுந்தன.

கூரைக்காரர் சில ஓடுகளைக் கையில் வைத்துக்கொண்டு, ஏதோ ஆணியைப் பற்றிப் பேசுகிறவர் மாதிரி சொன்னார். "தம்பி, கடைசி ஓடு வீட்டுக்காரர் கைதான். அம்மாவால இவ்வளவு தூரம் ஏற முடியாது. நீங்க உள்ள போய் நின்னு கீழயிருந்து தூக்கிக் குடுத்தாலும் சரி, நான் பொருத்திக்குவேன். வெளியிலயிருந்து வெச்சாலும் சரி. உங்க சௌகரியம்."

அவன் சந்துக்குள் குனிந்து பார்த்தான். ரொம்ப நேரம். மழை பிடித்துக்கொண்டது. அவன் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டி எலும்பெல்லாம் தெரிந்தது. செயலாளரம்மா என் கையை நொறுக்கிவிடுவது போலப் பிடித்திருந்தார். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? போடா, உள்ளே போ, நனையாதே. இரண்டு வருஷமாக வெளியே வா, வெளியே வா என்று மன்றாடியவள், அந்த நேரம் பார்த்து உள்ளே போ என்று நினைக்கிறேன். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

அவன் காலை வெளியே எடுத்தான். கையை நீட்டினான்.

ஓடுகளை வைத்தான். ஒன்று கோணலாக உட்கார்ந்தது, எடுத்து மறுபடி வைத்தான். கடைசி ஓட்டின் மேல் கையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான்.

ஏணியில் இறங்கி வந்தான். கீழ்ப்படியில் நின்றுவிட்டான். அத்தனை பேரும் திரும்பிக்கொண்டார்கள், யாரும் சொல்லாமலே. கொட்டுகிற மழையில் இருபது பேர் எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த முதுகுகளுக்கு நடுவில் நடந்து, வாசல் வழியாக என் பிள்ளை வீட்டுக்குள் வந்தான்.

பின்னாலேயே ஓடினேன். அவன் அறைக் கதவுக்கு முன்னால் நின்று தள்ளினான். அசையவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தான். நேராக.

"உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்கும்மா."

"யாரு போட்டது?" புத்தி கெட்டவளுக்கு அதுதான் வாயில் வந்தது.

"நான்தான்." கொஞ்சம் பொறுத்து, "அலமாரி வேற இருக்கு."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவன் சிரிக்கவில்லை. பல் கிட்டிக்கும்படி நடுங்கிக்கொண்டிருந்தான். துண்டு கொடுத்தேன், டீ போட்டுக் கொடுத்தேன். முன்னறை மூலையில் சுவரோடு சுவராக உட்கார்ந்து குடித்தான். எதிரே உட்காரலாமா, சமையல்கட்டுக்குப் போய்விட வேண்டுமா என்று தெரியாமல் நான் நடுவிலேயே நின்றேன்.

செப்டம்பர் 22, திங்கள்

போர்வையைத் தலைவரை மூடிக்கொண்டு நாள் முழுக்க முன்னறையில் கிடந்தான். தச்சர் வெளியூர் போயிருக்கிறாராம். வீடு எங்கும் ஒழுகவில்லை.

செப்டம்பர் 24, புதன்

காலையில் தச்சர் வந்தார். ஜன்னல் கம்பியைக் கழற்றி உள்ளே நுழைந்து, அலமாரியைத் தள்ளிக் கதவைத் திறந்தார். தாழ்ப்பாள் வளைந்து போயிருந்தது.

"புதுசு போடட்டுமா, இல்லை வேண்டாமா?" என்று என்னைக் கேட்டார்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். மூலையில் போர்வைக்குள்ளிருந்து, "போடுங்க" என்றான்.

போட்டார். உள்பக்கம். ஒவ்வொரு திருகாணிக்கும் என் நெஞ்சில் ஒரு திருகு. அவர் போனதும் அவன் போர்வையைச் சுருட்டிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். அடுத்த சத்தத்தைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் லாண்டரிக்கு ஓடினேன்.

சாயங்காலம் வந்தேன். கதவு சாத்தியே இருந்தது. சாப்பாட்டைத் தட்டில் போட்டுக் கதவடியில் வைக்கக் குனிந்தேன். என்ன நினைத்தேனோ, நிமிர்ந்து ஒரு தரம் தட்டினேன்.

"திறந்துதாம்மா இருக்கு" என்றான்.